சம்பளத்தில் பிடிக்கும் இருநூறு ரூபாய் எந்த வயலுக்குப் போகிறது?

மும்பையில் மாதச் சம்பளம் வாங்குபவர்களின் சம்பளச் சீட்டில், பிராவிடண்ட் பண்டுக்கு அடுத்தாற்போல், ‘பி.டி.’ என்று இரண்டே எழுத்தில் ஒரு பிடித்தம் இருக்கும். மாதம் 200 ரூபாய். பிப்ரவரியில் மட்டும் 300. ஆக ஆண்டுக்கு 2,500 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் ஆண்கள் எல்லோருக்கும் இதே தொகைதான். பெண்களுக்கு 2023 முதல் இருபத்தையாயிரம் ரூபாய் வரை விலக்கு உண்டு. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியின் குமாஸ்தாவும் அந்தக் கம்பெனியின் மானேஜரும் கொடுப்பது ஒன்றே. பிராவிடண்ட் பண்ட் என்றாவது ஒருநாள் வட்டியோடு கைக்கு வரும், இது வராது.

இதை முனிசிபாலிட்டி வரி என்று நினைத்திருப்பவர்கள் பலர். தமிழ்நாட்டில் தொழில் வரியை நகராட்சியும் பஞ்சாயத்தும் வசூலிப்பதால், ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயற்கையே. மகாராஷ்டிரத்தில் சங்கதி வேறு. இங்கே இந்த வரி பிறந்தது ஒரு பெரும் வறட்சியில்.

1972-ல் மழை பொய்த்தது. அஹமத்நகர், ஷோலாப்பூர், பீட் ஜில்லாக்களில் கிணறுகள் வற்றின. மாடுகளை வைத்துக் காப்பாற்ற முடியாமல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அப்போது வசந்த்ராவ் நாயக் முதல்-மந்திரி. கல் உடைக்கவும், ரோடு போடவும், குளம் வெட்டவும் நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன. 1973 மே மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் அந்த வேலைகளில் இருந்தார்கள். அன்று மேல்-சபைத் தலைவராக இருந்தவர் வி. எஸ். பாகே. கேட்டவருக்கு வேலை கொடுப்பது, அந்த வேலையால் நிலத்துக்கு நன்மை உண்டாகச் செய்வது என்ற யோசனையைச் சாங்லி ஜில்லா தாஸ்காவ் தாலுகாவில் 1965-லேயே சிறிய அளவில் நடத்திப் பார்த்தவர் அவர். அந்த யோசனைதான் வேலை உறுதித் திட்டமாக வளர்ந்தது. 1977-ல் சட்டமாகி, 1979 ஜனவரி 26-ல் அமுலுக்கு வந்தது.

பணத்துக்கு என்ன வழி? பட்டணத்தில் சம்பளம் வாங்குகிறவர் கிராமத்தில் வேலையில்லாதவருக்குக் கொஞ்சம் கொடுக்கட்டும் என்று முடிவாயிற்று. 1975-ல் தொழில் வரிச் சட்டம் வந்தது. வசூலாகும் தொகைக்குச் சமமாக மாநில அரசும் தன் பங்கைப் போட்டு, இரண்டையும் வேலை உறுதி நிதியில் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் இந்த வரி கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு அன்று கட்டுப்படுத்தியிருந்தது. 1988-ல் செய்த திருத்தம் அதை 2,500 ஆக்கிற்று. மகாராஷ்டிரம் அந்த வரம்பின் கடைசி ரூபாய் வரை வசூலிக்கிறது.

ஆகவே விவசாயத்துக்கும் மண், நீர்ப் பாதுகாப்புக்கும் மாநில அரசு செய்யும் செலவு பற்றிச் சட்டசபையில் நடக்கும் வாதம், சயானிலும் செம்பூரிலும் இருக்கும் தமிழருக்கு அடுத்த வீட்டுச் சண்டை ஆகாது. ஐம்பது ஆண்டுகளாக அவர்களும் இதில் பங்குக்காரர்கள்.

மண்வெட்டிக் காலம்

மகாராஷ்டிரத்தில் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு வானம் பார்த்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக் கடல் மேகத்தை வாங்கிக் கொங்கணத்தில் கொட்டிவிட்டு, மலைக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு மிச்சத்தைத்தான் அனுப்புகிறது. அடியில் இருப்பதோ எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அதன் மேல்தட்டில், உளுத்துப்போன அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். ஓடுகிற நீரை நடக்க வைத்து, நடக்கிற நீரை உட்கார வைத்தால்தான் அது உள்ளே இறங்கும். இதற்குச் சம உயர வரப்பு, ஓடைகளில் மண் தடுப்பு, கசிவுக் குளம் எல்லாம் வேண்டும். இந்த வேலைகளுக்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை; மண்வெட்டியும் கூடையும் போதும். வேலை உறுதித் திட்டம் முக்கியமாக இவற்றைத்தான் எடுத்துக்கொண்டது. வந்தவர்களில் பெண்கள் அதிகம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. மஸ்டர் ரோலில் இல்லாத ஆட்களின் பெயர் ஏறியது உண்டு. பாதியில் விட்ட வேலைகள் ஏராளம். கசிவுக் குளத்தை வெட்டியவர் நிலமில்லாத கூலி. அதனால் ஊற்றெடுத்த கிணறு குளத்துக்குக் கீழே நிலம் வைத்திருந்தவருடையது. கூலிக்குக் கூலி மட்டுமே மிஞ்சியது. இந்தக் குறைகளை அன்றே பலர் எடுத்துச் சொன்னார்கள். இன்னொன்றையும் சொன்னார்கள்: வரி என்னவோ ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, ஆனால் வேலைக்கான செலவு அதே அளவு ஏறவில்லை, நகரத்தார் கொடுத்தது முழுவதும் கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது. இந்தப் புகாருக்குத் திருப்தியான பதில் எந்த ஆட்சியிலும் வரவில்லை.

எழுபதாயிரம் கோடி

கூடையும் மண்வெட்டியும் கிராமத்து ஏழைக்கு என்றால், சிமெண்டும் காண்டிராக்டும் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நாட்டில் மிக அதிகமான பெரிய அணைகள் உள்ள மாநிலம் மகாராஷ்டிரம். 2012-ல் மாநில அரசின் சொந்தப் பொருளாதார ஆய்வறிக்கையே ஒரு குண்டைப் போட்டது. பத்து ஆண்டில் சுமார் 70,000 கோடி ரூபாய் நீர்ப்பாசனத்தில் செலவான பிறகு, பாசனம் பெறும் நிலத்தின் விகிதம் நூற்றுக்கு 0.1 தான் கூடியிருந்தது. அமளி எழுந்தது. துணை முதல்-மந்திரியாக இருந்த அஜித் பவார் அவ்வாண்டு செப்டம்பரில் விலகினார். நவம்பரில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, பாசனப் பரப்பு உண்மையில் நன்றாகவே உயர்ந்திருக்கிறது என்றது. டிசம்பரில் அவர் மீண்டும் பதவியேற்றார். ஒரே அரசாங்கத்தின் இரண்டு இலாக்காக்கள் ஒரே நிலத்தை அளந்து இரண்டு கணக்குச் சொன்னதுதான் அதில் வேடிக்கை.

யந்திரம் வந்தது

2014-ல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மழை இல்லை. புதிய முதல்-மந்திரி தேவேந்திர பட்னவிஸ் 2014 டிசம்பரில் ‘ஜலயுக்த சிவார்’ என்ற திட்டத்தை அறிவித்தார். தண்ணீர் நிறைந்த வயல்வெளி என்று அர்த்தம். ஆண்டுக்கு 5,000 கிராமங்களாக, 2019-க்குள் மாநிலத்தில் வறட்சியே இல்லாமல் செய்வது லட்சியம்.

தேவை உண்மையானது, அதில் ஐயமில்லை. 2016 ஏப்ரலில் லாத்தூர் நகரத்துக்குக் குடிக்கத் தண்ணீர் ரயிலில் போயிற்று. மிரஜிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். பத்து வாகன்களில் முதல் தடவை ஐந்து லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் நாந்தேட் ஜில்லாவிலிருந்து வந்த குடும்பங்கள் காட்கோபரில் திறந்த மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, கட்டட வேலைக்குப் போய்வந்ததை அந்த வட்டாரத்துத் தமிழர்கள் கண்ணால் பார்த்தார்கள். இதைவிடப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. மும்பையின் குழாய்களுக்குத் தண்ணீர் தரும் பாட்சா, தான்சா ஏரிகள் தானே ஜில்லா ஷஹாபூர் தாலுகாவில் உள்ளன. கோடை வந்தால் அந்தத் தாலுகாவின் கிராமங்களுக்கு லாரியில் தண்ணீர் போகிறது.

புதிய திட்டத்தில் வேகம் இருந்தது. அந்த வேகத்திலேயே வம்பும் இருந்தது. மலை உச்சியில் தொடங்கி, சரிவு முழுவதும் வரப்பும் குழியும் போட்டு, கடைசியில்தான் ஓடைக்கு வரவேண்டும் என்பது மண் பாதுகாப்பின் பால பாடம். மேலே மண்ணைப் பிடிக்காமல் கீழே ஓடையைத் தோண்டினால், அடுத்த மழையில் மேலே இருக்கும் மண் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் சரிவில் ஆயிரம் பேர் ஆறு மாதம் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. ஓடையை ஒரு ஜே.சி.பி. யந்திரம் அகலப்படுத்தி ஆழப்படுத்தினால் பத்து நாளில் போட்டோ எடுக்கலாம். ஊர் ஊராக யந்திரம் இறங்கியது. பொருளாதார நிபுணர் எச். எம். தேசர்டா, இது விஞ்ஞான முறைக்கு விரோதம் என்று பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார். கண்டபடி தோண்டினால் நீர் தங்கும் பாறை அடுக்கே கெடும் என்பது வழக்கின் சாரம். கோர்ட்டு நிபுணர் குழு ஒன்றைப் போட வைத்தது.

பிறகு 2020 செப்டம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சட்டசபைக்கு வந்தது. ஐந்து ஆண்டில் 9,633 கோடியே 75 லட்சம் ரூபாய் செலவு. தணிக்கையாளர்கள் ஆறு ஜில்லாக்களில் 120 கிராமங்களைப் பார்த்தார்கள். நிலத்தடி நீரை உயர்த்துவதில் திட்டத்துக்குப் பெரிய பலன் இல்லை என்று எழுதினார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு நீங்கியது என்று அறிவித்த கிராமங்களுக்கே லாரித் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததையும் காட்டினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் உத்தவ் தாக்கரே. அவருடைய மந்திரிசபை விசாரணைக்கு உத்தரவிட்டது. இது பழிவாங்கல் என்றது பாரதீய ஜனதா. 2022-ல் மறுபடி ஆட்சி மாறியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அதே திட்டத்தின் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. ஒரு கட்சிக்கு ஊழல், இன்னொரு கட்சிக்குச் சாதனை. ஓடை என்னவோ ஒன்றேதான்.

திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் ஒன்று உண்டு. இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்களில் நடந்ததை 120-ஐ வைத்து எடை போடுவது எப்படி? அதிலும் 2018 வறட்சி ஆண்டு. 151 தாலுகாக்கள் வறட்சி என்று அரசே அறிவித்த ஆண்டில் கிணற்றில் நீர் எங்கிருந்து ஏறும்? கேள்வி சரியானதே. ஆனால் நல்ல மழை பெய்த 2016-ல் கிணறுகள் நிறைந்தபோது அந்தப் பெருமை முழுவதும் திட்டத்துக்கே என்று மேடைதோறும் பேசியவர்களும் இவர்கள்தாம். பெய்தால் திட்டம், பெய்யாவிட்டால் வானம் என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடியாது.

எதிர்த்தரப்பும் முக்கியமானதை விட்டுவிட்டது. யார் எத்தனை கோடி எடுத்தார்கள் என்று கத்திய அளவுக்கு, வெட்டிய குளத்தை அடுத்த ஆண்டு தூர் வாருவது யார் என்று கேட்கவில்லை. கிராம பஞ்சாயத்திடம் அதற்குப் பணமில்லை. புதிதாக ஒன்று வெட்டினால் மந்திரி வருவார், கல்வெட்டு வைப்பார்கள். பழையதைத் தூர் வாருவதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. 2017-ல் தொடங்கிய வேறொரு சிறு திட்டம் இதைவிட உருப்படியானது. அணைகளில் சேர்ந்த வண்டலை அரசு செலவில் அள்ளிக் கொடுப்பது. விவசாயி தன் செலவில் வண்டி வைத்து வயலுக்குக் கொண்டுபோவது. கோடையில் கண்மாய் வண்டலை மாட்டுவண்டியில் அடித்து வயலில் கொட்டியதைப் பார்த்த திருநெல்வேலிக்காரருக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டாம். அவனவன் கைக்காசு போட்டால், வண்டி வராத நாளுக்குப் பில் போட முடியாது.

பண்ணைக் குட்டைத் திட்டத்தின் கதை இதற்கு நேர் மாறு. மழைநீரைச் சேர்க்க மானியம் கொடுத்தார்கள். பல இடங்களில் நடந்தது என்ன? வசதியுள்ளவர் பெரிய குட்டை தோண்டி, அடியில் பிளாஸ்டிக் விரித்து, கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு இறைத்து அதில் நிரப்பினார். பூமிக்குள் எல்லோருக்கும் பொதுவாக இருந்த நீர், வேலி போட்ட ஒருவர் குட்டைக்கு ஏறியது. வெயிலில் ஆவியாகிப் போனது போக மீதி அவருடைய திராட்சைக்கும் மாதுளைக்கும். பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் அரசு மானியம் கொடுத்து நிலத்தடி நீரை மேலே ஏற்றிவைத்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

கரும்பைத் தொடாத விவாதம்

இவ்வளவு வாதத்திலும் பெரிய கட்சிகள் எதுவும் உரக்கச் சொல்லாத சொல் ஒன்று உண்டு: கரும்பு. மகாராஷ்டிரத்தின் சாகுபடிப் பரப்பில் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத கரும்பு, பாசன நீரில் ஏறக்குறைய எழுபது பங்கைக் குடிக்கிறது என்று மத்திய விவசாய விலைக் கமிஷனே கணக்குச் சொல்லியிருக்கிறது. லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போன ஆண்டிலும் மராட்வாடாவில் சர்க்கரை ஆலைகள் கரும்பு அரைத்தன. ஆலைகளை நடத்துகிறவர்கள் பலரும் எம்.எல்.ஏ.க்கள், எம்.பி.க்கள், முன்னாள் மந்திரிகள். எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். கரும்புக்கு நிச்சயமான விலை உண்டு, வாங்க ஆலை உண்டு. துவரைக்கும் சோளத்துக்கும் அப்படி இல்லை. ஆகவே கரும்பு போடும் விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கணக்குத் தெரிந்தவர். துவரையை உறுதியான விலைக்கு ஒழுங்காக வாங்க ஏற்பாடு செய்யாமல், ஓடை தோண்ட எத்தனை ஆயிரம் கோடி கொட்டினாலும், சேர்ந்த நீரைக் கரும்பு வந்து குடித்துவிட்டுப் போகும்.

அஹமத்நகர் ஜில்லாவில் (இப்போது அஹில்யாநகர் என்று பெயர்) ஹிவரே பஜார் என்ற கிராமம் இதைப் புரிந்துகொண்டது. 1989-ல் போபட்ராவ் பவார் அங்கே சர்பஞ்ச் ஆனபோது வேலை தேடி வெளியூர் போனவர்கள் பாதி ஊர். மழை குறைவான பிரதேசம். வேலை உறுதித் திட்டத்தின் பணத்தை வாங்கித்தான் அந்த ஊரார் மலைச் சரிவில் குழி வெட்டினார்கள், மரம் வைத்தார்கள், தடுப்பு கட்டினார்கள். மும்பைச் சம்பளக்காரரின் தொழில் வரி போய் விழுந்த இடங்களில் அதுவும் ஒன்று என்று சொன்னால் தவறில்லை. ஆனால் வெட்டியதோடு நிற்கவில்லை. பாசனத்துக்குப் போர் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது, மரம் வெட்டக் கூடாது, கண்ட இடத்தில் மாடு மேயக் கூடாது என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு செய்தது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பிறகு நீரை அளந்து, இவ்வளவு இருக்கிறது, இந்தப் பயிர் போடலாம், இது வேண்டாம் என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். போனவர்களில் பலர் திரும்பினார்கள். பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. முதல்-மந்திரிகள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். கரும்புக் கட்டுப்பாட்டை மாநிலம் முழுவதும் கொண்டுவரலாம் என்று சொன்னவர் எவரும் இல்லை.

கையில் காசு

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. குளம் வெட்டுவதைவிட, பணத்தை நேரே பாங்குக் கணக்கில் போடுவது எல்லாக் கட்சிக்கும் சுலபமாகிவிட்டது. 2017-ல் அறிவித்த விவசாயக் கடன் தள்ளுபடி 34,022 கோடி. 2019 இறுதியில் வந்த ஆட்சி தன் பங்குக்கு இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான கடனைத் தள்ளியது. 2023-ல் ஒரு ரூபாய்க்குப் பயிர் இன்சூரன்ஸ் என்றார்கள். போலி மனுக்கள் குவிந்து, 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2024-ல் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் ‘லாட்கி பஹின்’ திட்டம் வந்தது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு மட்டும் 36,000 கோடி.

இந்த 1,500 ரூபாயைக் கேலி செய்வது சரியல்ல. நிபந்தனைக்கு உட்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் அது உண்டு. மாதக் கடைசியில் அதன் மதிப்பு வாங்குகிறவருக்குத்தான் தெரியும். கடன் தள்ளுபடியும் அப்படியே. விதர்ப்பாவிலும் மராட்வாடாவிலும் கடனால் சாகிறவனிடம் போய் மண் பாதுகாப்புப் பற்றிப் பிரசங்கம் செய்ய முடியாது. ஆனால் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டு ஜலயுக்த சிவார் முழுவதற்கும் ஆன செலவைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் ஒரே தள்ளுபடிக்கு அறிவிக்கப்பட்டது. தள்ளுபடி பெற்றவரின் கிணறு அப்படியேதான் இருக்கிறது. அடுத்த வறட்சியில் மறுபடி கடன்; மறுபடி போராட்டம். 2025 அக்டோபரில் நாகபுரியில் விவசாயிகள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். கமிட்டி போட்டு 2026 ஜூன் 30-க்குள் கடன் தள்ளுபடி பற்றி முடிவு செய்வதாக அரசு வாக்குக் கொடுத்தது. அதற்குச் சற்று முன்புதான் மராட்வாடாவில் வெள்ளம் வந்து, மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிருந்தது. 31,628 கோடி ரூபாய்க்கு நிவாரணம் அறிவித்திருந்தார்கள். மண்ணைப் பிடித்து வைக்கும் வரப்புக்கு வறட்சியில் மட்டும்தான் வேலை என்பதில்லை.

பழைய வேலை உறுதித் திட்டம் என்ன ஆயிற்று? மகாராஷ்டிரத்தைப் பார்த்து 2005-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் நூறு நாள் வேலைச் சட்டம் கொண்டுவந்தது. நூறு நாள் வரையிலான கூலியை மத்திய அரசு ஏற்றதால் மாநிலத்தின் சுமை பெரிதும் இறங்கியது. ஆனால் மும்பைக்காரர் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி இறங்கவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாள் 125 ஆகிறது. ஆனால் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கை மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் போட வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு முன் இருந்த கேள்வி சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்திருக்கிறது.

அந்த நாற்பது பங்குக்குப் பணமில்லை என்று நிதி மந்திரி சட்டசபையில் சொல்வாரானால், எதிர்க்கட்சி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1975 முதல் தொழில் வரியாக வசூலானது எவ்வளவு, அதற்குச் சமமாக அரசு போட்ட பங்கு எவ்வளவு, இரண்டிலும் சேர்த்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் போனது எவ்வளவு? இந்த மூன்று தொகையையும் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டில் இருநூறு ரூபாயை மாதாமாதம் ஒரு வரியில் அச்சடிக்க முடிகிறது. இதை அச்சடிப்பது ஒன்றும் கஷ்டமான காரியமல்ல.